இரண்டாவது எங்கே?

கடந்த தவணை விடுமுறையில் பெரியும்மாவின் மகள் ராத்தா கொழும்பிலிருந்து வந்து ஐந்து நாட்கள் எங்கள் வீட்டில் தங்கினார். விடுமுறைக்கு வந்தவர் என்றுதான் பெயர். காலையில் கதவைச் சாத்திக்கொண்டு மடிக்கணினியின் முன் அமர்ந்தால் மாலைவரை எழும்பமாட்டார். லுஹர் தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும் வெளியே வருவார். வேலைசெய்யும் இடத்தில் அவரை ஒரு பயிற்சிக்கு இணையவழியாகச் சேர்த்திருந்தார்கள். சிஸ்கோவின் தரவு நிலைய உட்கட்டமைப்பை வடிவமைக்கும் பயிற்சி அது. பாடம் முடிந்தபின் 90 நிமிடப் பரீட்சை; அதன் இலக்கம் 300-610.

நான் உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிப்பதால், பக்கத்தில் இருந்து பார்க்கலாமா என்று கேட்டேன். பகலில் வாய் திறக்கக்கூடாது, கேள்விகளை இரவுக்கு வைத்திருக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு இடம் கிடைத்தது.

நமது படங்களும் வங்கிக் கணக்குகளும் 'மேகத்தில்' இருக்கின்றன என்கிறோம். உண்மையில் அது ஒரு கட்டடம். உள்ளே வரிசை வரிசையாக இரும்பு ராக்கைகள், அவற்றில் சேவர்கள். சேவர் முன்பக்கத்தால் குளிர்காற்றை இழுத்துப் பின்பக்கத்தால் சூடாக விடும். அதனால் வரிசைகளை முகத்துக்கு முகம், முதுகுக்கு முதுகாக வைக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே பக்கம் பார்க்க வைத்தால் முன்வரிசை விடும் சூட்டைப் பின்வரிசை குடிக்கும்.

வலையமைப்பும் நான் நினைத்தபடி இல்லை. கீழே உள்ள சுவிட்சுகளை 'இலை' என்றும் மேலே உள்ளவற்றை 'முதுகெலும்பு' என்றும் சொல்கிறார்கள். ஒவ்வோர் இலையும் எல்லா முதுகெலும்புகளோடும் தொடுக்கப்படும். இலையோடு இலை தொடுக்கப்படாது. நான்கு முதுகெலும்புகளில் ஒன்று பழுதானால் வேகம் கால்வாசி குறையலாம், ஆனால் வேலை நிற்காது. மூன்றாம் தரத் தரவு நிலையம் என்றால் 99.982 வீதம் இயங்கவேண்டுமாம். அதாவது வருடம் முழுவதற்கும் ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலம்தான் நிற்கலாம். 2022இல் ஒரே நாளில் 13 மணித்தியால மின்வெட்டைக் கண்ட எனக்குச் சிரிப்பு வந்தது.

இரண்டாம் நாள் இரவு ராத்தா எனக்கு ஒரு பயிற்சி தந்தார். இருபது கணினிகள் உள்ள ஓர் ஆய்வுகூடம். எது பழுதானாலும் பாடம் நிற்கக்கூடாது. வரைந்து காட்டு என்றார். நான் இரண்டு சுவிட்ச், இரண்டு இணைய இணைப்பு, இரண்டு பற்றரிப் பெட்டி போட்டுப் பெருமையோடு நீட்டினேன்.

"இந்த ரெண்டு வயரும் எங்கால வெளிய போகுது?"

சுவரில் நான் கீறியிருந்தது ஒரே ஓட்டை. வீதியில் தண்ணீர்க் குழாய்க்குக் குழி வெட்டுபவர் ஒரே வெட்டில் இரண்டையும் அறுத்துவிடுவார். இரண்டு பற்றரிப் பெட்டிகளும் ஒரே பிளக் பொயின்றில் இருந்தன. மூன்று தடவை திருத்தினேன். மூன்று தடவையும் எங்கோ ஒரு மூலையில் ஏதோ ஒன்று தனித்து நின்றது.

நாங்கள் மட்டும் விடும் பிழை அல்ல இது. 2023 ஓகஸ்ட் 26இல் இலங்கை அரசின் மேகக் கணினித் தொகுதியைக் கப்பம் கேட்கும் மென்பொருள் ஒன்று தாக்கியது. மே 17 முதல் அன்றுவரையான மின்னஞ்சல்கள் ஏறத்தாழ 5,000 முகவரிகளில் இல்லாமற் போயின. அமைச்சரவை அலுவலகமும் அதற்குள் அடக்கம். பிரதி எடுக்காமல் இருக்கவில்லை. எடுத்த பிரதியும் அதே தொகுதியோடு இணைந்தே இருந்ததால் அதையும் மென்பொருள் பூட்டிவிட்டது. கழற்றித் தனியே வைத்த பிரதி அந்த மூன்று மாதத்துக்கு இருக்கவில்லை. ராத்தா இதைச் சொல்லிவிட்டு, 1981இல் யாழ் பொது நூலகத்தோடு எரிந்த ஏடுகளையும் நினைவுபடுத்தினார்.

கட்டிலில் தஸ்பீஹோடு இருந்த உம்மம்மா அப்போதுதான் வாய் திறந்தார். "அப்ப எங்கட உறுதி மாதிரிதானே?"

நொத்தாரிசு ஒரு காணி உறுதி முடித்தால் மூலப்படி சொந்தக்காரருக்கு, ஒரு படி காணிப் பதிவகத்துக்கு, இன்னொன்று நொத்தாரிசிடம். மூன்று படி, மூன்று இடம். 1990 ஒக்டோபர் 30இல் வெளியேற எங்களவர்களுக்குக் கிடைத்தது இரண்டு மணித்தியாலம். உம்மம்மா பிள்ளைகளின் கைகளைப் பிடித்தார். உறுதி அலுமாரிக்குள் கிடந்தது. புத்தளத்தில் இருபது வருடம் கழித்துச் சோனகதெருவுக்குத் திரும்பியபோது அலுமாரியும் இல்லை, கூரையும் இல்லை. நொத்தாரிசு மௌத்தாகிவிட்டார், அவருடைய கட்டுகளும் கிடைக்கவில்லை. பதிவகத்துப் படி இருந்தது. அதில் உம்மம்மாவின் பெயர் இருந்தது. நாங்கள் இப்போது இருக்கும் வீடு அந்த ஒரு படியால் கிடைத்த வீடு.

ராத்தா எதுவும் சொல்லாமல் தன் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

எனக்கு நமது இஸ்லாம் பாடம் ஞாபகம் வந்தது. யமாமா யுத்தத்தில் ஹாபிழ்கள் பலர் ஷஹீதானதால் அபூபக்ர் (ரழி) அவர்கள் குர்ஆனை ஒன்றுதிரட்டும் பணியை ஸைத் இப்னு ஸாபித் (ரழி) அவர்களிடம் ஒப்படைத்தார்கள். பின்னர் உஸ்மான் (ரழி) அவர்கள் பிரதிகளை வெவ்வேறு நகரங்களுக்கு அனுப்பினார்கள். பரீட்சைக்காக ஆண்டையும் பெயரையும் பாடமாக்கிய எனக்கு, ஏன் வெவ்வேறு நகரங்கள் என்று கேட்கத் தோன்றியதில்லை.

கடைசி நாள் சாப்பாட்டின்போது, நானும் இதைத்தான் படிக்கப்போகிறேன் என்று சொன்னேன். நான் ஆசிரியையாக வரவேண்டும் என்பது உம்மாவின் விருப்பம். அவர் கறிச்சட்டியைப் பார்த்தார். வாப்பா ராத்தாவிடம் கேட்டார், "மகள், இது ராவு வேலையா?"

"சேவரைப் பார்க்கிறவங்களுக்கு ராவும் இருக்கு, சாச்சா. வடிவமைக்கிறது பகல் வேலைதான். ஆனா நின்டு போனா எந்த நேரமும் போன் வரும்."

பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. வாப்பா இன்னும் சரி என்று சொல்லவுமில்லை, வேண்டாம் என்று சொல்லவுமில்லை. ஆனால் அடுத்த கிழமை உறுதியைப் போட்டோப் பிரதி எடுத்து, ஒன்றைப் புத்தளத்தில் இருக்கும் மாமிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார். பற்றுச்சீட்டை எங்கே வைப்பது என்று என்னிடம்தான் கேட்டார்.