சங்கு ஊதும் நேரம்

ஜூலை 26

தூத்துக்குடி பனிமய மாதா கோயில் கொடியேற்றம். தொலைக்காட்சிக்காரர்கள் கொடியையும் புறாக்களையும் படம்பிடித்துக்கொண்டார்கள். வானொலிக்காரனான எனக்கு வேண்டியிருந்தது பழைய துறைமுகத்தில் இழுவைக் கப்பல் ஊதுகிற சங்கு. அது அடங்கும்வரை வர்ணனை எதுவும் பேசவில்லை. ஊர்க்காரர்களுக்குச் சொல்லவா வேண்டும், கொடி ஏறிவிட்டதென்று?

ஜூலை 29

திரேஸ்புரம். சங்குகுளிக்குப் போன பெரியவரோடு பதிவு. 1961-ல் நடந்த கடைசி முத்துக்குளிப்பின்போது அவர் இளவட்டம். முங்குகிறவனுக்கு மச்சினன்தான் கயிறு பிடிப்பான் என்ற பழைய கதையில் தொடங்குவார் என்று எதிர்பார்த்தேன். அந்தப் பக்கமே போகவில்லை. "கீழ போகப் போக காது அடைக்கும் தம்பி. பொறவு நெஞ்சு அடிக்கது மட்டுந்தான் கேக்கும்" என்றார். அப்புறம் சிலோன் ரேடியோவுக்குத் தாவிவிட்டார். திருநெல்வேலி வானொலி 1963-ல்தான் வந்தது. அதற்கு முன்பே இந்தக் கரைக்குக் கொழும்பு பக்கத்து வீடு.

ஆகஸ்ட் 1

சோ. சிவபாதசுந்தரத்தின் 'ஒலிபரப்புக் கலை'யை மறுபடி எடுத்தேன். யாழ்ப்பாணத்துக்காரர். இலங்கை வானொலியில் தமிழ் நிகழ்ச்சிகளை நடத்தியவர். லண்டன் பிபிசியின் தமிழ் ஒலிபரப்புக்குத் 'தமிழோசை' என்று பெயர் வைத்தவர். அந்த வானொலிச் சேவை 2017-ல் நின்றது. எனக்கு அவரிடம் பிடித்தது பதவிகளுக்குப் பிந்தைய காலம். நாயன்மார்களின் ஊர் ஊராகப் போய் 'சேக்கிழார் அடிச்சுவட்டில்' எழுதினார். எழுத்தாளர் சிட்டியோடு சேர்ந்து தமிழ் நாவலின் நூறாண்டு வரலாற்றை எழுதினார். கலைச் செய்தியாளன் கால் தேய நடக்க வேண்டியவன். இப்போதோ கலை நிகழ்ச்சி என்றால், படம் வெளியாகும் வாரத்தில் நடிகரைக் கூப்பிட்டு உட்காரவைப்பது என்றாகிவிட்டது. (விளம்பரமும் அன்றைக்குத்தான் வருகிறது, யாரைக் குறை சொல்ல?)

ஆகஸ்ட் 3

பெரியவர் பேச்சை வெட்டி ஒட்டினேன். ஒதுக்கியது நாலு நிமிடம். காற்று இரைச்சலைக் குறைத்தால் அவர் குரலும் மெலிகிறது, இரைச்சல் இருக்கட்டும். நெஞ்சடிப்பைச் சொன்னபின் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். வானொலியில் வெற்று நேரம் பெரிய குற்றம். ஆனாலும் அதை விட்டுவைத்து, என் கேள்விகள் இரண்டை வெட்டினேன்.

எப்போது வரும் என்று கேட்டு அவர் பேரன் போன் செய்தான். வீட்டில் ரேடியோ இல்லையாம். தாத்தாவுக்குப் போனில் போட்டுக் காட்டுவானாம். இயர்போன் வேண்டாம், வெளியே சத்தமாக வை என்றேன்.