அப்பாவின் எழுத்துரு

26 டிசம்பர் 2003, வெள்ளி

இந்த விடுமுறையில் விண்டோஸ் எக்ஸ்பி போட்டுவிட வேண்டும். வாங்கியிருப்பது அப்கிரேடு சிடி; ஏற்கெனவே விண்டோஸ் 98 வைத்திருப்பவர்களுக்கு விலை குறைத்துத் தருவது. 98-இன் மேலேயே ஏற்றிவிடலாம்தான். ஆனால் நாலைந்து வருடமாகப் போட்டதும் எடுத்ததுமாகச் சேர்ந்த கசடு அப்படியே கூட வரும். எனக்கு அது வேண்டாம். முழுக்கத் துடைத்துவிட்டுத்தான் போடப்போகிறேன்.

ரிச்சி தெருவில் இந்தக் கணினியை அசெம்பிள் செய்து தந்த தம்பிக்குப் போன் செய்தேன். "98 ஒரிஜினல் சிடி இருக்கா சார்? நடுவுல கேக்கும். உள்ள போட்டுக் காட்டுனா போதும்" என்றார். பீரோவின் மேல்தட்டில், அப்பாவின் பென்ஷன் புத்தகத்துக்குக் கீழே கிடைத்தது.

27, சனி

நாள் முழுக்க பேக்கப். அப்பா கடைசி இரண்டு வருடம் தட்டச்சு செய்த ரயில்வே நினைவுகளைச் சிடியில் எழுதிவிட்டு, நிம்மதியாகப் படுத்தேன்.

இரவு ஒரு மணிக்குச் சட்டென்று விழிப்பு. கோப்புகளை எடுத்தேன், எழுத்துருவை எடுக்கவில்லை! அப்பா எழுதியது 1999-இல் தமிழக அரசு தரப்படுத்திய 'டாப்' முறை எழுத்துருவில். அதில் 'அ'வுக்கென்று தனி எண் கிடையாது. ஏதோ ஒரு ஐரோப்பிய எழுத்தின் இடத்தில் 'அ'வின் வடிவம் உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். எழுத்துரு போனால் அப்பாவின் வரிகள் எல்லாம் கொம்பும் புள்ளியும் முளைத்த அந்நிய எழுத்துக் குவியலாகிவிடும். எழுந்துபோய் ஃபாண்ட்ஸ் அடைவிலிருந்து அந்தக் கோப்புகளை இரண்டு ஃபிளாப்பியில் எடுத்துவைத்தேன். கை நடுங்கியது உண்மை.

28, ஞாயிறு

காலையில் 98-இன் ஸ்டார்ட்அப் ஃபிளாப்பியைப் போட்டு ஃபார்மட் கட்டளை கொடுத்தேன். எல்லாம் அழியும், சரியா என்று கேட்டது. 'ஒய்' விசைக்கு மேல் விரல் நெடுநேரம் நின்றது. பேக்கப் சிடியை அடுத்த வீட்டுக் கணினியில் திறந்து பார்த்துவிட்டு வந்தபிறகே அழுத்தினேன்.

எக்ஸ்பி சிடியிலிருந்து பூட் ஆனது. வட்டில் பழைய விண்டோஸ் இல்லையே என்று நிறுவல் நின்றது. 98 சிடியைப் போட்டேன், பார்த்துக்கொண்டது. மறுபடி எக்ஸ்பி சிடி. என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்துகொண்டு, 39 நிமிடம் ஆகும் என்று திரையில் போட்டது. அதற்கு மேலேயே ஆனது. 25 எழுத்துச் சாவியை அம்மா வாசிக்க நான் அடித்தேன்.

தமிழ் தானாக வரவில்லை. கண்ட்ரோல் பேனலில் மொழிப் பகுதிக்குப் போய், சிக்கலான எழுத்துமுறைகளுக்கான பெட்டியில் குறியிட வேண்டியிருந்தது. மறுபடி சிடி கேட்டது. மறுதொடக்கத்துக்குப் பிறகு யூனிகோடு தமிழ் லதா எழுத்துருவில் பளிச்சென்று நின்றது.

பிறகு அப்பாவின் எழுத்துருவைப் போட்டு முதல் கோப்பைத் திறந்தேன். விழுப்புரம் சந்திப்பில் இரவுப்பணி, நிலக்கரிப் புகை, மண்குவளையில் தேநீர். ஒரு எழுத்தும் சிதையவில்லை. அம்மா கண்ணாடியை எடுத்துவரச் சொல்லி, நின்றபடியே இரண்டு பக்கம் படித்தாள்.

98-இல் கோப்புக்குத் தமிழில் பெயர் வைக்க முடியாது. அப்பா 'விபிஎம்1' என்று ஆங்கில எழுத்தில் வைத்திருந்தார். இன்று அதை மாற்றி 'விழுப்புரம்' என்று வைத்தேன். இன்னும் முப்பத்தோரு கோப்புகள் இருக்கின்றன.