சாலையும் படத்தில் வரட்டும்

எங்கள் நண்பர் கடன் போட்டு ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். சிவப்பு நிறம், இரண்டே கதவுகள். ஊர்ச் சாலையில் அதை ஓட்டும்போது படம் எடுக்கச் சொன்னார்.

ஓடும் வண்டியை எடுக்க வழக்கமான முறை ஒன்று உண்டு. ஷட்டர் வேகத்தை 1/30 விநாடிக்குக் குறைத்து, வண்டி போகிற போக்கிலேயே கேமராவையும் திருப்ப வேண்டும். வண்டி தெளிவாக விழும். பின்னணி கோடு கோடாகக் கலைந்துவிடும். நாங்கள் 1/1000 வைத்தே எடுத்தோம். அந்தத் தெருமுனையும் டீக்கடையும் கலையக் கூடாது. நண்பரின் அப்பா சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போன இடம் அது.

"போராட்டக்காரர்களுக்குக் கார் மோகம் எதற்கு?" என்று சில தோழர்கள் கேட்டார்கள். 1929இல் சாலிஸ்கானில் பாரிஸ்டர் அம்பேத்கருக்கு வண்டி ஓட்டக் குதிரைவண்டிக்காரர்கள் மறுத்தார்கள். பழக்கமில்லாத ஒருவர் ஓட்டினார். பாலத்தில் விபத்து நேர்ந்து அண்ணல் காயமடைந்தார். தலித்துகள் பொது இடத்தில் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதைத் தடுப்பது குற்றம் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் தனியாக எழுதிச் சேர்க்க வேண்டியிருந்தது. இப்படி ஒரு சட்டம் தேவைப்படும் நாட்டில், யார் எதை ஓட்டுகிறார்கள் என்பது வெறும் ஆடம்பர விஷயமா?

தம்பி, தங்கைகளே, உங்கள் தெருவுக்கு வரும் முதல் புல்லட்டை, முதல் காரைப் படமெடுங்கள். சாலையும் சேர்ந்து தெரியட்டும். ஊர்ப்பெயரையும் தேதியையும் மறக்காமல் எழுதி வையுங்கள். நம் அப்பாக்கள் இறங்கி நடந்ததற்குத்தான் படம் எதுவும் இல்லை.