உலக்கைக்கு எப்போ மோட்டார்?

கொல்லிமலைன்னு ஊர்ப் பேரைச் சொன்னதும் ஹாஸ்டல்ல எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி ஒண்ணுதான். ''ஏய், 70 ஹேர்பின் பெண்ட் வருமாமே?'' வரும்ப்பா, வரும்! அப்புறம் ஆகாய கங்கை அருவி, அறப்பளீஸ்வரர் கோயில், வல்வில் ஓரி சிலை... டூரிஸ்ட் லிஸ்ட் அதோட ஓவர். அந்த 70 வளைவுக்கும் மேல, எங்க தாத்தாவும் ஆயாவும் 50 வருஷமா அதே கலப்பை, அதே உரல்னு விவசாயம் பண்ணிட்டு இருக்காங்க. மெக்கானிக்கல் படிக்கிற பேத்திக்கு இதெல்லாம் மியூசியம் மாதிரி தெரியும்னுதானே நினைக்கிறீங்க? அதுதான் இல்லை!

தாத்தாவோட ஏரையே எடுத்துக்கோங்க. மரம் எங்க காட்டு மரம். காசு கொடுத்து வாங்கினது இரும்புக் கொழு மட்டும்தான். அதுவும் தேய்ஞ்சா கொல்லர்கிட்ட கொடுத்து அடிச்சுக்கலாம். உழுது முடிச்சா தோள்ல போட்டுட்டு வீட்டுக்கு நடந்துடுவார். எங்க மேட்டுக்காட்டுல மண்ணு கொஞ்சம், கல்லு நிறைய. கொழு பாறையில இடிச்சா, மேழியைப் பிடிச்சிருக்கிற கைக்கு அது உடனே தெரியும். லேசா ஒரு தூக்கு, கல்லைத் தாண்டிடும். சரிவுக்குக் குறுக்கேதான் ஓட்டுவார், மேலிருந்து கீழே ஓட்டவே மாட்டார். மழைத் தண்ணி மண்ணை அள்ளிட்டுப் போகாம ஒவ்வொரு சாலும் ஒரு சின்ன வரப்பா நிக்கும். 12 குதிரைத்திறன் பவர் டில்லர் ஒண்ணு சுமார் 400 கிலோ. அதை இந்தச் சரிவுல திருப்புறதை நினைச்சாலே எனக்கு வயித்தைக் கலக்குது. கீழே வயல்ல ஓட்டலாம், தப்பில்லை. மேட்டுல தாத்தா டிசைன்தான் பாஸ்!

ஆனா, பழைய கருவி எல்லாமே சூப்பர்னு கைதட்டிட்டுப் போக என்னால முடியாது. காரணம், எங்க வீட்டுத் திண்ணையோரம் இருக்கிற உரல்.

எங்க காட்டுல விளையறது சாமை. கேழ்வரகுக்கு உமி நீக்குற பெரிய வேலை கிடையாது, திருகையில போட்டு அரைச்சா மாவு. சாமை அப்படி இல்லை. வழுவழுன்னு ஒரு உமி இறுக்கிப் பிடிச்சிருக்கும். உரல்ல போட்டு இடிக்கணும், முறத்துல புடைக்கணும், உமி போகாததை மறுபடி இடிக்கணும், மறுபடி புடைக்கணும். ஒரு வேளைச் சோத்துக்கு ஆயா இப்படி எத்தனை தடவை உலக்கையைத் தூக்கியிருப்பாங்க? காட்டுல களை எடுத்துட்டு வந்து, புள்ளைக்குப் பால் கொடுத்துட்டு, அடுப்பு மூட்டுறதுக்கு முன்னாடி! ஆயாவோட உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்தா, கலப்பை பிடிச்ச தாத்தா கையைவிடக் கெட்டியா இருக்கும்.

கொல்லிமலையில சாமை குறைஞ்சு போனதுக்குக் காரணம் கேட்டா எல்லாரும் மரவள்ளியைக் கை காட்டுவாங்க. நிஜம்தான். சேலம், ராசிபுரம் பக்கத்து சேகோ ஆலைகளுக்குக் கிழங்கு லாரி லாரியாப் போச்சு, கையில காசு வந்துச்சு. ரேஷன் அரிசி வேற. 2011 ஜூன்ல இருந்து அது இலவசம். ஆனா ஆயாகிட்ட கேட்டப்போ வந்த பதில் வேற. ''கிழங்கை யாரும் இடிக்க வேணாம் கண்ணு!'' அவ்வளவுதான். சாமையைத் தோக்கடிச்சதுல மரவள்ளி பாதி, உலக்கை பாதி. காட்டுல என்ன விதைக்கணும்னு முடிவு பண்ணினது ஆம்பளைங்கதான். ஆனா இடிக்கிறவங்க கை வலிச்சதும் அந்த முடிவுல இருக்கு.

இதைப் புரிஞ்சு வேலை பார்த்தவங்களும் உண்டு. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் இருந்து எங்க மலையில சிறுதானியத்துக்காக வேலை செய்யுது. கட்டவெட்டிச்சாமை, மல்லியச்சாமை, பெருஞ்சாமைன்னு நாட்டு விதைகளைக் காப்பாத்தினதோட நிக்காம, மாவு அரைக்கிற, உமி நீக்குற மெஷின்களை மகளிர் சுயஉதவிக் குழுக்கள் கையில கொடுத்தாங்க. என்னைக் கேட்டா டிராக்டரைவிடப் பெரிய விஷயம் இது. 2023-ஐ ஐ.நா. சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டுன்னு அறிவிச்சப்போ, டவுன் சூப்பர் மார்க்கெட்ல சாமை பாக்கெட் பளபளன்னு அடுக்கியிருந்ததைப் பார்த்தேன். எங்க ஆயா பார்க்கணுமே!

மெஷின்ல என்ன கஷ்டம்னு கேட்கிறீங்களா? ஆயிரம் சாமை மணியை நிறுத்தா சுமார் 2 கிராம்தான் வரும். நெல்லுன்னா 20 கிராம் வாக்குல வரும். நெல்லுக்குன்னு செஞ்ச மெஷின்ல இந்தப் பொடிசு சரியா சிக்காது. அதனால வேகமாச் சுத்துற இம்பெல்லர், தானியத்தைச் சுவர்ல வீசி அடிக்கும். மோதுற வேகத்துல உமி பிளந்துக்கும். வேகம் கூடினா அரிசி நொய்யாயிடும், குறைஞ்சா உமி அப்படியே நிக்கும். தானியத்துல ஈரம் இருந்தா கணக்கே மாறும். அந்த நடு வேகத்தைப் பிடிக்கிறதுதான் விளையாட்டே. ஆயா அதை உலக்கையைத் தூக்குற உயரத்துலயே பிடிச்சிடுறாங்க, டாக்கோமீட்டர் இல்லாம!

எங்க குக்கிராமத்துல இருந்து மில் இருக்கிற இடத்துக்கு மூட்டையைத் தலையில சுமந்து ஏறி இறங்கணும். அதனால கொஞ்சமா வேணும்னா இன்னும் உரல்தான். அம்மாவும் இடிச்சாங்க. லீவுல போனா நானும் இடிக்கிறேன், பத்து நிமிஷத்துல தோள் கழண்டுடும்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு வீட்டு அளவுல ஒரு சாமை மெஷின் பண்ணலாம்னு ஆயாகிட்ட சொன்னேன். எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் பண்றதா ஏற்கெனவே மூணு டீம் பேர் கொடுத்தாச்சு, எங்களுக்குன்னு ஏதாவது வேணாமா? தாத்தா உடனே, ''எனக்கு ஒரு புதுக் கொழு செஞ்சு குடு, அது போதும்''னார். ஆயா ரொம்ப நேரம் யோசிச்சாங்க. அப்புறம் விரல் மடக்கிச் சொன்னாங்க... ''கரன்ட் போனாலும் கையால சுத்த வரணும். ஒத்தை ஆளாத் தூக்கி வெக்கிற கனம்தான் இருக்கணும். பாதி நொய்யாப் போச்சுன்னா உன் மெஷினும் வேணாம், நீயும் வேணாம். அப்புறம் சாமி, உங்க தாத்தனும் சுத்துற மாதிரி செய்யி!''

கடைசிக் கண்டிஷனுக்கு மட்டும் எந்த சப்ஜெக்ட்லயும் ஃபார்முலா கிடைக்கலை. மத்த மூணையும் அப்படியே டைப் பண்ணி கைடுகிட்ட கொடுத்திருக்கேன்.