ஸ்டியரிங் கவர்: மாட்டாதீங்க, தைச்சிடுங்க

"ஸ்டியரிங் கவருக்கெல்லாம் ஒரு டாக்டர் த்ரெட் போடணுமா"ன்னு கேட்பீங்க. போடணும். காரணம் இருக்கு.

வீடு ஸ்ரீரங்கம். டியூட்டி வையம்பட்டி பக்கம். மணப்பாறை தாண்டி திண்டுக்கல் ரோட்டில் போக வர நூறு கிலோமீட்டருக்கு மேல். கடையில் ரெண்டே நிமிஷத்தில் மாட்டிவிட்ட கவர், சித்திரை வெயிலில் உள்ளே இருந்த ரப்பர் வளையம் தளர்ந்து சுத்த ஆரம்பிச்சது. கை திரும்பும், கவர் திரும்பும், ஸ்டியரிங் அப்படியே நிற்கும். நைட் டியூட்டி முடிச்சு வரும்போது குறுக்கே ஒரு ஆடு வந்தா அந்த அரை நொடிக்கு என்ன விலைன்னு கேஷுவாலிட்டி பார்க்கிற யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அன்றைக்கே கழற்றிட்டேன். பதிலா வாங்கினது தைக்கிற வகை லெதர் கவர். ஊசியும் மெழுகு நூலும் கூடவே வரும்.

வாங்கும்முன் ரெண்டு அளவு எடுக்கணும். ஸ்டியரிங்கின் வெளிவிட்டம் (நம்ம ஊர் கார்களில் பெரும்பாலும் 36-லிருந்து 38 செ.மீ.), பிடியின் சுற்றளவு. பிடியைச் சுற்றி வைக்கும்போது ரெண்டு ஓரமும் முட்டக் கூடாது, சில மில்லிமீட்டர் இடைவெளி இருக்கணும். நூல் இழுக்க இழுக்க அது மூடும். முதலிலேயே முட்டினா கவர் பெருசு, திருப்பிக் கொடுத்துடுங்க.

தோலா ரெக்சினான்னு பார்க்கப் பின்பக்கத்தைத் திருப்புங்க. தோல்னா நார் நாராக இருக்கும், துணி ஒட்டியிருக்காது. நான் போற ரோட்டிலேயே நேரா போனா வர்ற திண்டுக்கல் பூட்டுக்கும் பிரியாணிக்கும் மட்டும் பேர்போன ஊர் இல்லை, தோல் பதனிடுற ஊரும்கூட. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தமிழ்நாட்டுத் தோல் ஒரு காலத்தில் கப்பலேறி இங்கிலாந்து போச்சு. பட்டை போட்ட தோலுக்குச் செருப்பிலும் பெல்ட்டிலும் ஈடே இல்லை. ஆனா கடும் சூட்டில் விறைக்கும், வியர்வை பட்டா கறுக்கும். குரோம் போட்டுப் பதனிட்டது மெத்துனு இருக்கும், கொதிநீரையே தாங்கும். மூடின கார் உள்ளே கொதிக்கிற நம்ம வெயிலுக்கு அதுதான் சரி.

இனி வேலை. ஸ்டியரிங்கை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைச்சுக் காயவிடுங்க. பல வருஷக் கை அழுக்கு எவ்வளவு வருதுன்னு பார்த்தா அடுத்த வாரம் வரைக்கும் கை கழுவிட்டே இருப்பீங்க. கவரை அரைமணி நேரம் வெயிலில் போட்டா இளகும். கவரின் ஜாயின்ட் கீழே, ஆறு மணி இடத்தில் வரணும். ஸ்போக் வர்ற இடங்களைப் பொருத்திப் பார்த்த பிறகுதான் ஊசி.

தோலில் புது ஓட்டை போடாதீங்க, கிழியும். ரெண்டு ஓரத்திலும் ஏற்கெனவே ஓடுற தையலுக்கு அடியில்தான் ஊசி நுழையணும். இடது ஒண்ணு, வலது ஒண்ணு, எண்ணிக்கை பிசகக் கூடாது. ஒரு பக்கம் ஒரு தையல் விட்டுப்போனா அங்கிருந்து கவர் முறுக்கிக்கும், பிரிச்சுத்தான் ஆகணும்.

எங்களுக்குத் தையல் சொல்லிக் கொடுத்த சீனியர்கள் முதல் நாளே சொன்னது: தோலின் ஓரங்களைச் சேர்த்து வை, நெரிக்காதே. இறுக்கினா ரத்த ஓட்டம் நின்னு ஓரம் செத்துப்போகும். இங்கே அதை அப்படியே தலைகீழாக்கணும். இந்தத் தோலுக்கு ரத்த ஓட்டமே இல்லை, வீங்கவும் போறதில்லை. ரெண்டு மூணு தையலுக்கு ஒரு தடவை நல்லா இழுங்க. என் கைக்கு இது பழக ஒரு ஸ்போக் தூரம் ஆச்சு. முடிச்சு மட்டும் எங்க முறைதான்: முதல் சுற்றில் ரெண்டு முறுக்கு, அப்போ அடுத்த முடிச்சு போடுறதுக்குள்ள நழுவாது.

விரலை நூல் அறுக்கும். ஆள்காட்டி விரல் மடிப்பில் பிளாஸ்திரி சுத்திக்கோங்க. ஊசி ஏறிட்டா சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில் கழுவுங்க. டிடி போட்டு வருஷக்கணக்கா ஆச்சுன்னா பக்கத்து அரசு மருத்துவமனையில் போட்டுக்கோங்க. மொத்தம் ரெண்டரை மணி நேரம் ஆச்சு எனக்கு.

ஒரு விஷயத்தில் மட்டும் சமரசமே வேண்டாம். நடுவில் இருக்கிற ஹாரன் பகுதியை எதாலயும் மூடாதீங்க. 2019 ஜூலை 1-லிருந்து இந்தியாவில் வர்ற புதுக் கார்களுக்கு டிரைவர் ஏர்பேக் கட்டாயம், அது அதுக்குள்ளதான் மடிஞ்சு கிடக்கு. மோதினா கண் சிமிட்டுறதுக்குள்ள விரிஞ்சிடும். மேலே ஒட்டியிருக்கிற கல்லு வச்ச பேர் எழுத்து, உலோகச் சாமி படம் எல்லாம் நேரா முகத்துக்கு வரும். கவர் தைக்கிறோம்னு அந்த மூடியை நெம்பவும் கூடாது.

முடிச்சதும் வண்டியை நகர்த்தாம, ரெண்டு கையாலும் கவரைத் துணி பிழியிற மாதிரி முறுக்கிப் பாருங்க. துளிகூட அசையக் கூடாது. ஒரு வாரம் ஓட்டின பிறகு இன்னொரு தடவை.

சானிடைசர் காயாத கையோட லெதரைப் பிடிச்சா மேல்பூச்சு போயிடும். வார்டிலிருந்து வர்ற எங்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம். வண்டியில் ஒரு காட்டன் துண்டு வச்சிருக்கேன். காலையில் கையைத் துடைக்க அது, பிறகு வெயில் படாம ஸ்டியரிங் மேல போர்த்திட்டு ஓபிக்குப் போக அதுவே.