ஜிம்மிக்கு அவித்த பூசணிக்காய்



தர்மபுரத்தில் எங்களைத் தெரிந்தவர்களுக்கு ஜிம்மியையும் தெரியும். காலையில் பரந்தன்–முல்லைத்தீவு வீதி வரைக்கும் இரண்டு ரீச்சர்மாருக்குப் பின்னால் வாலை ஆட்டிக்கொண்டு வருகிற செம்மண் நிற நாய்தான். அது எங்கள் நாய் இல்லை. நாங்கள் வாடகைக்கு இருக்கிற வீட்டு அம்மாவின் நாய். கொஞ்ச நாளாக, "ரீச்சர், நாய்க்குப் பூசினிக்காய் அவிச்சுக் குடுக்கிறீங்களாம், உண்மையோ?" என்று பிள்ளைகளும் கேட்கிறார்கள், பெற்றோரும் கேட்கிறார்கள். ஊரில் இருந்து எங்கள் உறவினர் ஒருவரும் தொலைபேசியில் கேட்டார், ஆனால் அவர் கேட்ட விதம் வேறு. எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறோம். எங்கள் பிழையும் இதில் இருக்கிறது.

வீட்டு அம்மாவுக்குக் கண்ணில் புரை. சத்திரசிகிச்சைக்கு யாழ்ப்பாணம் போய், மகள் வீட்டில் இரண்டு கிழமை நிற்கவேண்டும் என்று சொன்னார்கள். புறப்படுகிற நேரத்திலும் அவருக்குத் தன் கண்ணைவிட நாயைப் பற்றித்தான் யோசனை. 2009 தை மாதம் இந்த ஊரை விட்டு விசுவமடுப் பக்கம் போனபோது அப்போது இருந்த நாயை விட்டுவிட்டுப் போனவர் அவர். உழவு இயந்திரத்துக்குப் பின்னால் அது கொஞ்சத் தூரம் ஓடி வந்ததாம். அதற்கு மேல் அவர் சொல்வதில்லை, நாங்களும் கேட்பதில்லை. எங்கள் இருவரின் குடும்பங்களும் 1990 ஒக்டோபரில் வடக்கை விட்டு வெளியேற்றப்பட்டவர்கள். கட்டியிருந்த ஆடுகளை அவிழ்த்துவிட்டு வந்த கதையை எங்கள் உம்மாவும் அந்த இடத்தோடுதான் நிறுத்துவார்.

ஆகவே, "நாங்கள் பார்த்துக்கொள்ளுறம் அம்மா" என்றோம். அமானிதம் என்பது பெரிய சொல். அதன் பாரம் எங்களுக்கு மூன்றாம் நாள்தான் தெரிந்தது.

ஹஜ் பெருநாள் விடுமுறை முடிந்து ஊரில் இருந்து வந்தபோது உம்மாமார் கட்டித் தந்த இறைச்சிக் கறி மிஞ்சிப் போயிருந்தது. கொழுப்பும் எலும்பும் சோறுமாகக் குழைத்து ஜிம்மிக்கு வைத்தோம். நாய்க்கும் பெருநாள்தானே என்று பகிடி வேறு. அவன் சட்டியை நக்கித் துடைத்துவிட்டான். அன்று இரவே வயிற்றோட்டம் தொடங்கியது. விடியும்போது முற்றத்தில் நாலைந்து இடம் நனைந்து கிடந்தது. வேலியோரம் படுத்தவன் எங்களைக் கண்டும் எழும்பவில்லை.

கால்நடை வைத்தியரைத் தொலைபேசியில் பிடித்தோம். "என்னத்தைக் குடுத்தனீங்கள்?" என்பதுதான் முதல் கேள்வி. சொன்னோம். அவர் ஏசவில்லை, அது இன்னும் வெட்கமாக இருந்தது. கொழுப்பு நாயின் வயிற்றைக் குழப்பும், சில வேளை கணையத்தையே வீங்கவைக்கும். வெங்காயமும் உள்ளியும் நாய்க்கு நஞ்சு, இரத்தத்தின் செங்கலங்களை உடைக்கும். அவிந்த எலும்பு சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கலாம். எங்கள் கறியில் இந்த மூன்றும் இருந்தன.

பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். இரத்தம் போகிறதா? சத்தி எடுக்கிறதா? தண்ணீர் குடிக்கிறதா? வயது என்ன, ஊசி போட்டதா? இரத்தம் இல்லை, சத்தி இல்லை, தண்ணீர் குடிக்கிறான், வயது ஐந்து, தடுப்பூசி அட்டை அம்மாவின் அலுமாரியில் இருக்கிறது. அப்படியென்றால் ஒரு நாள் பார்க்கலாம் என்றார். வெள்ளைச் சோற்றைக் குழைய அவித்து, தோலும் எலும்பும் இல்லாத கோழி இறைச்சி கொஞ்சம் சேர்த்து, அதோடு அவித்து மசித்த பூசணிக்காய் ஒரு மேசைக்கரண்டி போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக நாலு தரம் கொடுக்கச் சொன்னார். இரத்தம் கண்டாலோ, சத்தி தொடங்கினாலோ, தலை தூக்காமல் கிடந்தாலோ உடனே கொண்டுவரவேண்டும் என்றும் சொன்னார். குட்டி நாய் என்றால் இந்த ஒரு நாளும் காத்திருக்க விட்டிருக்கமாட்டாராம். குட்டிகளுக்கு வருகிற பார்வோ நோய்க்குப் பூசணிக்காய் ஒன்றும் செய்யாது.

பூசணிக்காய் விசுவமடுப் பக்கத்தில் இருந்து வந்தது, ஒரு மாணவியின் தகப்பனார் தந்த காய். பாதியை நாங்கள் கறி வைத்தோம். மற்றப் பாதியைத் தோல் சீவி, விதையும் நாரும் எடுத்து, உப்புக்கூடப் போடாமல் அவித்தோம். எங்களுக்கு வைத்த தேங்காய்ப்பால் கறியில் இருந்து ஒரு கரண்டி அள்ளிப் போட்டிருந்தால் பழைய கதைதான் திரும்ப நடந்திருக்கும். வாயில் வைத்துப் பார்த்தால் கசக்கிற காயை நாய்க்கும் கொடுக்கக்கூடாது, மனிதரும் சாப்பிடக்கூடாது.

அது வேலை செய்கிற விதம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். பூசணிக்காயில் பெரும்பகுதி தண்ணீர்தான். மிச்சத்தில் இருக்கிற நாரில் ஒரு பங்கு குடலில் உள்ள நீரை உறிஞ்சிக் களி மாதிரி ஆகும். அதனால் தண்ணீராகப் போவது இறுகும். அதே நார் நீரைப் பிடித்து வைத்திருப்பதால் மலச்சிக்கல் உள்ள நாய்க்கும் உதவும். ஆனால் சாதாரண நாளிலும் கரண்டிக் கணக்குத்தான், சட்டிக் கணக்கு இல்லை. கூடினால் திரும்பவும் வயிற்றோட்டம் வரும். மலிவாகக் கிடைக்கிறது என்று பூசணிக்காயும் சோறும் மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் நாய்க்கு வேண்டிய புரதம் கிடைக்காது. விதையைத் தின்னக் கொடுத்தால் பூச்சி விழும் என்று பக்கத்து வீட்டு ஐயா உறுதியாகச் சொன்னார். வைத்தியர் பூச்சிக் குளிசையையே கொடுக்கச் சொன்னார். ஐயாவுக்கு இன்னும் மனக்குறை.

இரண்டாம் நாள் பின்னேரம் ஜிம்மி எழும்பி வந்து வாசலில் படுத்தான். மூன்றாம் நாள் முற்றத்தில் கிடந்ததைப் பார்த்து நாங்கள் இருவரும் "அல்ஹம்துலில்லாஹ்" என்றோம். நாயின் மலத்தைப் பார்த்து இறைவனைப் புகழ்வோம் என்று பயிற்சிக் கலாசாலையில் யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

இனி அந்த உறவினருக்கு. "நாய்க்குச் சமைக்கிறீங்களா? வீட்டுக்குள்ள நஜீஸ் இல்லையா?" என்று கேட்டார். ஷாபி மத்ஹபில் நாயின் எச்சில் பட்ட பாத்திரத்தை ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண் கலந்து கழுவவேண்டும் என்பது எங்களுக்கும் தெரியும். ஜிம்மியின் சட்டி கிணற்றடியில் தனியாக இருக்கிறது. கரண்டியும் தனி. அவன் அறைக்குள் வருவதில்லை. அந்தச் சட்டத்தைச் சொல்லித் தந்த அதே நபிமொழித் தொகுப்புகளில்தான், தாகத்தில் ஈர மண்ணை நக்கிய நாய்க்குக் கிணற்றில் இறங்கிக் காலணியில் தண்ணீர் மொண்டு கொடுத்தவர் மன்னிக்கப்பட்ட சம்பவமும் இருக்கிறது. ஒன்றைப் படித்தவர் மற்றதை ஏன் மறக்கவேண்டும்?

நபிகளார் விரும்பி உண்ட காய் அது, அதையா நாய்க்குக் கொடுப்பது என்றும் கேட்டார். தையற்காரர் வீட்டு விருந்தைச் சொல்கிறார். அன்று அவர்கள் தட்டின் ஓரங்களில் தேடி எடுத்து உண்டது சுரைக்காய் என்றே நாங்கள் நினைக்கிறோம். பூசணிக்கொடி அமெரிக்கக் கண்டத்தில் இருந்து உலகத்துக்குப் பரவியது, அந்தக் காலத்து மதீனாவில் இருந்திருக்க வழியில்லை. விஞ்ஞான ரீச்சர்மாரிடம் கேட்டால் இப்படித்தான் பதில் வரும். நல்ல காயாக இருந்தாலும் என்ன, பசித்த வாய்க்குப் போனால் வீணா?

போன சனிக்கிழமை அம்மா கறுப்புக் கண்ணாடியோடு வந்து இறங்கினார். ஜிம்மி பாய்ந்த பாய்ச்சலில் கண்ணில் பட்டுவிடுமோ என்று நாங்கள்தான் குறுக்கே நின்றோம். அவர் நாயின் விலாவைத் தடவிப் பார்த்துவிட்டு, "மெலிஞ்சு போனான். என்ன நடந்தது?" என்றார். மறைக்கவில்லை. பெருநாள் கறியில் இருந்து கடைசிக் கரண்டிப் பூசணிக்காய் வரை சொன்னோம். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"பிழை விட்டவுடன டொக்டரைக் கூப்பிட்டனீங்கள்தானே, பிள்ளையள்" என்றார் பிறகு. "ஆனா பூசினிக்காயை இவன் என்னட்டத் தின்னவே மாட்டானே! எத்தினை தரம் கறியோட குழைச்சுக் குடுத்தனான்."

"கறியோட வேண்டாம் அம்மா" என்றோம் இரண்டு பேரும் ஒரே குரலில்.