உத்தரணியும் சீசாவும்

கும்பகோணத்தை அடுத்த திருநாகேசுவரத்தில் எழுந்தருளியுள்ள உப்பிலியப்பன் சந்நிதிக்குச் சனிக்கிழமைதோறும் தவறாமல் வரும் பெரியவர் ஒருவர் உண்டு. மார்க்கண்டேய மகரிஷி, துளசிச் செடியின் அடியில் பூமிதேவியைக் குழந்தையாகக் கண்டெடுத்தார் என்பது தல வரலாறு. துளசி வனம் என்றே போற்றப்படும் அத்தலத்தில் ஓர் உத்தரணி தீர்த்தத்தைப் பணிவுடன் பெற்று அருந்துவது அவருடைய நெடுநாள் வழக்கம்.

இருதய வால்வு மாற்றப்பட்ட பின்னர், இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் மாத்திரையையும் அவர் நாள்தோறும் உட்கொண்டு வந்தார். உறவினர் ஒருவர், துளசி இலையின் சாற்றைச் செறிவாக்கி அடைத்த சீசா ஒன்றை அன்புடன் அளித்தார். “பெருமாளுக்கு உகந்தது; நமக்கு என்ன கெடுதல் செய்யும்?” என்று காலையும் மாலையும் பருகலானார். சில வாரங்கள் சென்றன. பல் துலக்கும்போது ஈறில் இரத்தம் கசிந்தது. அடிபடாமலேயே கையில் நீலத் திட்டுகள் தோன்றின.

மருத்துவர், “புதிதாக ஏதேனும் சாப்பிடுகிறீர்களா, ஐயா?” என்று வினவினார். “ஒன்றுமில்லை” என்றார் பெரியவர். அவர் பொய் சொல்லவில்லை. துளசியை மருந்தென்று அவர் எண்ணியதே இல்லை. உடன் வந்திருந்த மனைவிதான் சீசாவைப் பற்றிச் சொன்னார். பரிசோதனையில், இரத்தம் உறையும் நேரம் வேண்டிய அளவைக் கடந்து நீண்டிருந்தது.

துளசியின் பெருமை கற்பனையன்று. ஆய்வுக்கூடத்தில் டி.பி.பி.எச். என்னும் ஊதா நிறக் கரைசலில் அதன் சாற்றைச் சேர்த்தால், கரைசல் மஞ்சளாக வெளிறுகிறது. ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் ஆற்றலுக்கு அது அடையாளம். எலியின் பாதத்தில் உண்டாக்கிய வீக்கத்தையும் அச்சாறு தணித்திருக்கிறது. கிராம்பில் மிகுதியாக உள்ள யூஜெனால் துளசியிலும் உண்டு. ஆஸ்பிரின் தடுக்கும் அதே நொதியை அதுவும் தடுக்கிறது. வீக்கத்தைத் தணிக்கும் அச்செயலே இரத்தம் உறைவதையும் தளர்த்தக்கூடும். வார்ஃபரினோடு சேரும்போது ஆபத்து இங்கேதான். மேலும், சோதனைக் குழாயில் கண்ட நிறமாற்றம், மனித உடலில் நோய் தீர்ந்ததற்குச் சான்றாகாது.

“கசிவுக்கு இதுவே காரணம் என்று அறுதியிட்டுச் சொல்வதற்கில்லை. ஆயினும் சீசாவை இன்றே நிறுத்துங்கள். மாத்திரையின் அளவை நான் சொன்னபடியே எடுத்துக்கொள்ளுங்கள்” என்றார் மருத்துவர். பெரியவர் தயங்கி, “கோயில் தீர்த்தம்?” என்றார். “அதை நான் நிறுத்தச் சொல்வேனா?” என்று மருத்துவர் முறுவலித்தார்.

உத்தரணியில் வருவது பிரசாதம். சீசாவில் வருவது மருந்து. இலை ஒன்றேயாயினும் அளவு வேறு. மாத்திரை உட்கொள்ளும் முதியோர், தாம் அருந்தும் கஷாயம், சூரணம், இலைச்சாறு அனைத்தையும் மருத்துவரிடம் மறவாமல் சொல்லுதல் வேண்டும். அறுவைச் சிகிச்சைக்கு முன்னர் இது இன்னும் இன்றியமையாதது. இலைச்சாற்றை நம்பி, மருத்துவர் தந்த மாத்திரையைத் தாமே நிறுத்துவதும் கூடாது.

சில வாரங்களில் ஈறின் கசிவு நின்றது. அடுத்த சனிக்கிழமை பெரியவர் மீண்டும் சந்நிதியில் நின்றார். தேவியின் பொருட்டு உப்பையே விலக்கி அமுது செய்யும் பெருமாள் அவர். எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்பதை அச்சந்நிதியில் வேறு எவரும் சொல்ல வேண்டுவதில்லை. குவித்த உள்ளங்கையில் ஓர் உத்தரணி தீர்த்தம் விழுந்தது. அதுவே அவருக்குப் போதுமானதாக இருந்தது.